‘மொத்தமும்’ என்று சொன்ன அண்ணாவுக்கு

ஒரே தட்டில் எனக்கும் பாதி ஒதுக்கி வைத்துச் சாப்பிட்ட என் அண்ணா,

நீ போன பிறகு வந்த மழைக்காலமும் முடிந்துவிட்டது. வந்தது என்று சொல்வதே அதிகம். செஞ்சிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டது. நம் ஊருக்குக் கரண்ட் கம்பம் நட்டுவிட்டார்கள், கம்பி இன்னும் இழுக்கவில்லை. சவரிராயன் தன் கடையில் மறுபடி சீட்டுப் போட்டி வைக்கப் போகிறாராம். சந்தையில் காதில் விழுந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எழுதுகிறேன்.

இதை வேறு யாராவது படித்தாலும் புரிய வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

நைனா இறந்த பிறகு நாம் நிலத்தைப் பாகம் பிரித்தோம். கிணற்றைப் பிரிக்க முடியாது. அது பொது. தண்ணீருக்கு முறை வைத்துக்கொண்டோம். கிழக்குக் கரையில் நீயும் மேற்குக் கரையில் நானும் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தோம். தண்ணீர் மேலே இருந்தவரை ஒரு வம்பும் இல்லை. அது கீழே இறங்கிய ஒரு கோடையில் உன் மல்லாட்டைக் கடலையும் வாடியது, என் நெல்லும் வாடியது. அன்றைக்கு யாருடைய முறை என்பதில் பேச்சு தடித்தது. யார் பேரில் நியாயம் என்று அப்போதும் எவரும் சொல்லவில்லை, இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கிணற்றின் இரண்டு கரையிலும் நின்று மாட்டோடு பேசினோம். நம் பிள்ளைகள் மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டார்கள்.

சவரிராயன் வந்தது அப்போதுதான். பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். திண்டிவனம் ரோட்டில் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின் கடை போட்டார். ஜனங்கள் வந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார்கள், ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஊரைக் கடைக்குள் இழுக்க அவர் ஒரு யோசனை செய்தார். விவசாயிகளுக்கு மட்டும் ஒரு சீட்டுப் போட்டி. காசு வைக்கக் கூடாது. ஜெயிப்பவருக்கு, கடையில் ஓட்டிக் காட்ட வைத்திருந்த எஞ்சின் பரிசு.

ஆட்டம் நமக்குத் தெரிந்த ரம்மியோ மூணு சீட்டோ இல்லை. சைகோனில் அவர் ஆடிய போக்கர். வாரக்கணக்கில் கடை வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். நீ வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்தபோது கற்றுக்கொண்டாய். நீ வராத நாட்களாகப் பார்த்து நான் கற்றுக்கொண்டேன்.

விதி சுலபமானது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எல்லோரும் நடுவில் கொஞ்சம் புளியங்கொட்டை வைக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாத சீட்டை ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். ஒரே எண் இரண்டு சேர்ந்தால் சோடி, இரண்டு சோடி அதைவிடப் பெரியது, ஒரே எண் மூன்று அதற்கும் மேல், ஐந்தும் ஆட்டின் மாதிரி ஒரே சாதியானால் இன்னும் மேல். மாற்றும் முன்னும் பின்னும், கை நன்றாக இருக்கிறவன் கூடுதலாக வைத்து ஏற்றுவான். மற்றவர்கள் அதற்குச் சமமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒதுங்கிவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவனும் நடுவில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். குவியல் தீர்ந்தவன் எழுந்து போக வேண்டியதுதான்.

போட்டி நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் பாய் விரித்து, ஆளுக்கு ஓர் உழக்குப் புளியங்கொட்டை அளந்து கொடுத்தார். நீ சுவரோரம் உட்கார்ந்தாய். நான் வேறு பாயில். சப்-இன்ஸ்பெக்டர் கூட ஒரு தடவை உள்ளே வந்து பார்த்தார்.

“இன்னாய்யா இது, பட்டப்பகல்ல?”

“காசு எங்க இருக்குதுன்னு காட்டுங்க சார்” என்றார் சவரிராயன். “எல்லாம் புளியங்கொட்ட.”

அவர் கொஞ்ச நேரம் நின்று யாருடைய குவியல் பெரியது என்று பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் எழுந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை ஒரே பாயில் சேர்த்தார் சவரிராயன். அப்படித்தான் நாம் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டி வந்தது. சுற்றி நின்றவர்களுக்கு நம் கதை தெரியும். நீ என்னைப் பார்க்கவில்லை. உன் சீட்டைப் பார்த்தாய்.

என்னிடம் பெரிய குவியல். உன்னிடம் கொடுத்த உழக்கில் பாதி கூட இல்லை. உனக்கு அந்த எஞ்சின் எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் நீ ஒரு ஜோடி மாட்டை விற்றிருந்தாய். எனக்கும் அது வேண்டும். விட்டுக்கொடுக்கும் எண்ணம் என்னிடம் இல்லை. உன்னிடமும் இல்லை.

நீ எதிலும் அவசரப்படாதவன். அன்று காலையில் அப்படித்தான் ஆடினாயாம். ஒரே சாதிச் சீட்டு நாலு கையில் இருந்தால் ஐந்தாவது வருமா என்று கொஞ்சம் வைத்து மாற்றிப் பார்ப்பாய். வராவிட்டால் ஒதுங்கிவிடுவாய். குவியல் பெரியதாக இருக்கும்போது அது தப்பான ஆட்டம் இல்லை. நாலு தடவை போனாலும் ஐந்தாவது தடவை வந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். ஆனால் சவரிராயன் இன்னொரு விதியும் வைத்திருந்தார். சுவர்க்கடிகாரம் மணி அடிக்கும்போதெல்லாம், ஆட்டத்துக்கு முன்னால் வைக்க வேண்டியது இரட்டிப்பாகும். ஆகவே சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கும் குவியல் தேயும். நல்ல சீட்டு வரட்டும் என்று நீ காத்திருந்தாய். காத்திருந்ததாலேயே உன் குவியல் பாதியானது.

ஒரே பாயில் சேர்ந்த பிறகு நீ ஆடிய விதம் மாறிவிட்டது. முதலில் எனக்கு அது விளங்கவில்லை. அடுத்தடுத்துச் சீட்டைக் கவிழ்த்தாய். எதற்கும் ஒரு பிடி கூட வைக்கவில்லை.

“தணிகாசலம் பயந்துட்டாம்பா” என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

அது பயந்த ஆட்டம் இல்லை. அப்படிக் கவிழ்த்த சீட்டில் ஒரு தடவை நாலு ஆட்டின் சீட்டு இருந்தது என்று பிற்பாடு சொன்னாய். காலையாக இருந்தால் ஐந்தாவதுக்கு மாற்றிப் பார்த்திருப்பாய். இப்போது பார்க்கிறதற்குக் கூட விலை கட்டுப்படியாகவில்லை.

மணி அடித்தது. உன் முன்னால் இரண்டு கை அள்ளினால் தீர்ந்துவிடும் அளவுதான் மிச்சம். அடுத்த சீட்டைப் பார்த்தாய். உள்ளங்கையால் முழுக் குவியலையும் நடுவுக்குத் தள்ளினாய்.

“மொத்தமும்.”

அதை நீ யாரைப் பார்த்துச் சொன்னாய் என்பதை நான் கவனித்தேன். என்னைப் பார்த்து இல்லை. என் குவியலுக்கு உன்னுடையது ஒரு பொருட்டே இல்லை, நான் வேடிக்கைக்குக் கூட வந்து பார்த்துவிடுவேன். நான் ஒதுங்கும் வரை காத்திருந்து, கல்லாப்பெட்டிக்காரன் மாதிரி எதையும் விட மனசு வராத மண்டி பச்சையப்பனைப் பார்த்துச் சொன்னாய். மல்லாட்டை மண்டி வைத்திருந்தாலும் அவனுக்கு நிலமும் இருந்ததால் போட்டிக்கு வந்திருந்தான். அவன் குவியல் நடுத்தரம். உன்னோடு மோதித் தோற்றால் பாதி போய்விடும். அவன் யோசித்தான், கவிழ்த்தான். நடுவில் இருந்ததை நீ அள்ளிக்கொண்டாய். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

பச்சையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னா தணிகாசலம், வர்ற கைக்கெல்லாம் மொத்தமும் மொத்தமும்னு சொல்லிக்கினு இருக்கற?”

“வேணும்னா வந்து பாரு” என்றாய்.

அடுத்த தடவை அவன் வந்தான். உன் கையில் மூன்று ஜாக்கி இருந்தது. பச்சையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். உன் குவியல் எனக்குக் கவலை தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போக, சாயங்காலம் பாயில் நாம் இருவர் மட்டும். வெயில் செஞ்சிக் கோட்டை மலைக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நாம் பேசியதெல்லாம் ‘ஏத்தறேன்’, ‘சரி’, ‘வேணாம்’, ‘மாத்து’ என்கிற நாலைந்து சொல்தான். ஆனால் எத்தனையோ நாளைக்குப் பிறகு உன் குரல் என்னைப் பார்த்து வந்தது.

ஒரு கையில் எனக்கு ராணியும் பத்துமாக இரண்டு சோடி. நீ ‘மொத்தமும்’ என்றாய். இருவர் ஆட்டத்தில் இரண்டு சோடி பெரிய கை. தோற்றால் என் குவியலில் பெரும்பங்கு போய்விடும். உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் கவிழ்த்தேன். நீ உன் சீட்டைக் காட்டாமல் கட்டுக்கு அடியில் செருகிவிட்டாய். அப்போது உன்னிடம் என்ன இருந்தது? பிறகு ஒரு நாள் கேட்டேன். “அது எதுக்கு ஒனக்கு இப்ப?” என்றாய். சிரித்தாய். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் கேட்கவில்லை.

அதன் பிறகு சீட்டு உன் பக்கம் வரவில்லை. மணி இன்னொரு தடவை அடித்தது. உன் குவியல் மறுபடி இளைத்தது. கடைசிக் கையில் எனக்கு ஏழு ஒரு சோடி.

“மொத்தமும்” என்றாய்.

சோடி ஏழு என்பது நல்ல கையே இல்லை. முன்னால் ராணியும் பத்தும் வைத்துக்கொண்டு கவிழ்த்தவன் நான். ஆனால் அப்போது உன்னிடம் குவியல் இருந்தது, நல்ல கைக்குக் காத்திருக்க உனக்கு நேரம் இருந்தது. இப்போது இல்லை. இன்னும் இரண்டு மூன்று ஆட்டம் சும்மா இருந்தால், நீ சொல்லும் ‘மொத்தமும்’ யாரையும் மிரட்டாது. ஆகவே ஒரு ஏஸ் வந்திருந்தால் போதும், நீ தள்ளியிருப்பாய். அப்படி யோசித்து, “வர்றேன்” என்றேன்.

இனி ஏற்ற ஒன்றும் இல்லை என்பதால், மாற்றும் முன்பே சீட்டைத் திருப்பினாய். ஏஸ், ராஜா, மற்றது குப்பை. நான் நினைத்தது சரி. நீ தள்ளியதும் சரி. அந்த நிலையில் வேறு யார் இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

மூன்று சீட்டு மாற்றினாய். அதில் ஒரு ஏஸ் வந்தது. கொட்டகையில் விசில் சத்தம். ஏஸ் சோடி உனக்கு, ஏழு சோடி எனக்கு. நானும் மூன்று மாற்றினேன். முதல் இரண்டும் உதவாதது. மூன்றாவது ஏழு.

நீ கடைசியாகத் தள்ளிய குவியலை நான் அள்ளவில்லை. நீ முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். வேட்டியைத் தட்டிவிட்டாய். போய்விடுவாய் என்று நினைத்தேன்.

“எஞ்சின எங்க எறக்கப் போற?” என்றாய்.

நமக்குள் மறுபடி பேச்சு தொடங்கியது அந்தக் கேள்வியில்தான்.

“தெரியலண்ணா.”

“ஒன் கரையில பூரா பாற. மேட கட்ட எடம் கெடையாது. என் கரையில எறக்கு.”

“மொற?”

“அது கிணத்தாண்ட பேசிக்கலாம். மொதல்ல வண்டியக் கட்டு, இருட்டறதுக்குள்ள போயிடலாம்.”

மாட்டு வண்டியில் எஞ்சினை ஏற்றிக் கயிறு போட்டோம். வழியெல்லாம் அது சரியாமல் நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் அண்ணி குப்பம்மாள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டு இலை போட்டார்கள்.

கிழக்குக் கரையில் மேடை கட்டினோம். உன் வயல் ஒரு நாள், என் வயல் ஒரு நாள் என்று எஞ்சின் ஓடியது. அதன் சத்தத்தில் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்ததால், பேசாமல் இருந்த காலத்துக்கும் சேர்த்துப் பேசினோம். ஒரு நாள் கேட்டேன்.

“கொட்ட கம்மியானதும் ஆட்டத்த மாத்தினியே, எப்ப தோணுச்சி?”

“பாதி ஆனதும் பயமா இருந்துச்சி. அப்பறம் யோசிச்சேன். நெறைய இருக்கறப்ப எல்லாத்தையும் எட்டிப் பாக்கலாம். கம்மியா இருக்கறப்ப அப்பிடி இல்ல. ஒண்ணு வெளிய நிக்கணும், இல்ல முழுசா எறங்கணும். நடுவுல நின்னா கரைஞ்சி போயிடும்.”

“அப்ப ஒண்ணுமே இல்லாம ஆவற வரைக்கும் நல்ல சீட்டுக்கு ஏன் காத்திருக்கல?”

“ஒண்ணுமே இல்லாதவன் மொத்தமும்னு சொன்னா எவன்டா மதிப்பான்? எதிராளிக்கு வலிக்கற அளவு இருக்கும்போதே சொல்லிடணும்.”

இதைச் சொல்லிவிட்டு எஞ்சினுக்கு எண்ணெய் விடப் போனாய். பெரிய விஷயம் சொன்னதாக நீ நினைக்கவில்லை. நானும் அப்போது நினைக்கவில்லை.

பிறகு உனக்கு வயிற்று வலி வந்தது. பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வயிற்றில் கட்டி என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் ஆபத்து உண்டு. மருந்து சாப்பிட்டுக்கொண்டு பார்க்கலாம், வலி அதிகமானால் அப்போது யோசிக்கலாம் என்றார். நான் மருந்து என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

“இப்பவே பண்ணிடுங்க சார்” என்றாய். “ஒடம்புல இன்னும் தெம்பு இருக்குது. அது போனப்பறம் கத்தி வெச்சி இன்னா பிரயோஜனம்?”

அந்த நேரத்தில் உன் மனசில் அந்தக் கொட்டகை வந்துபோனதா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பாய் என்று நினைக்கிறேன். சீட்டு வேறு, உடம்பு வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து வந்தாய். இன்னொரு பட்டம் நெல் வைத்து அறுத்தாய். அது முடிந்து வலி திரும்பி வந்தபோது டாக்டரிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கடைசி வாரங்களில் எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் அடிக்கடி கேட்டாய். கேட்டது. தினமும் ஓட்டினேன்.

நீ இல்லாத வருஷத்தின் செய்தியைச் சொல்கிறேன். உன் பங்கை என்னிடம் வாரக் குத்தகைக்கு விட்டுவிடச் சொல்லிப் பங்காளிகள் அண்ணியிடம் பேசினார்கள். அண்ணி கேட்கவில்லை. தானே பயிர் வைத்தார்கள். எஞ்சினுக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றக் கற்றுக்கொண்டார்கள். முதல் நாள் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கியது. இப்போது நான் சுற்றுவதைவிட அவர்கள் சுற்றினால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. உன் பெரியவன் திண்டிவனத்தில் படிக்கிறான். லீவுக்கு வந்தால் கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்க்கிறான்.

கிணறு மறுபடி கீழே போய்விட்டது. நீ பார்த்த கோடையைவிட மோசம். காலையில் எஞ்சினைப் போட்டால் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் அற்றுப்போகிறது. போன மாதம் ஒரு நாள் அண்ணி மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“ஏகாம்பரம், இந்தத் தண்ணி ரெண்டு பேரு நெலத்துக்கும் எட்டாது.”

“மழ வருதான்னு பாக்கலாம் அண்ணி.”

“பாத்துக்கினே இருந்தா? எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் வுட்டா எல்லாமே கருகிப் போவும். மேட்டுக்கொல்லைய இந்த வருசம் வுட்ருவோம். ஒன்னுதும் வேணாம், எங்களுதும் வேணாம். கிணத்தாண்ட ஒன் துண்டும் எங்க துண்டும் பக்கத்துல பக்கத்துல கெடக்குது. அதுல மட்டும் நடுவோம். சேத்து.”

“சேத்துன்னா?”

“நடுவுல கெடக்கற வரப்ப எடுத்துடு. ஒரே பாத்தியா தண்ணி போவும். வர்றத ரெண்டு பேரும் பிரிச்சிக்கலாம்.”

அண்ணிக்குச் சீட்டு தெரியாது. ராஜா எது ராணி எது என்று கூடத் தெரியாது. நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். “இன்னா அப்பிடிப் பாக்கற?” என்றார்கள். ஒன்றும் இல்லை என்றேன்.

மறுநாள் மண்வெட்டி எடுத்துப் போனேன். பாகம் பிரித்த அன்று, உன் பக்க மண்ணை நீயும் என் பக்க மண்ணை நானும் வெட்டி அணைத்துப் போட்ட வரப்பு அது. உள்ளே அருகம்புல் வேர் இரண்டு பக்கமும் ஓடிப் பின்னிக் கிடந்தது. வெட்டச் சிரமமாக இருந்தது. மத்தியானத்துக்குள் நிரவிவிட்டேன். அண்ணி எஞ்சினைப் போட்டார்கள். தண்ணீர் வந்து, எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாதது போலக் கொஞ்சம் தயங்கி, அப்படியே அந்தக் கோடி வரை போனது.

சவரிராயன் போட்டிக்கு நான் போகப் போவதில்லை. பரிசு இந்தத் தடவை மருந்தடிக்கிற மிஷினாம். ஆனால் போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு நடவு. இரண்டு வீட்டாரும் இறங்குகிறோம். உன் பெரியவனும் வருகிறான்.

பயிர் தேறுமா என்று எனக்குத் தெரியாது. தேறாவிட்டாலும், அடுத்த வருஷம் மழை கொட்டிக் கிணறு வாய்வரை நிரம்பினாலும், அந்த இடத்தில் நான் மறுபடி வரப்பு போட மாட்டேன், அண்ணா. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உனக்குப் பின்னால் பிறந்த,
உன் தம்பி
ஏகாம்பரம்